விவரம் பின்னர்

கோவில்பட்டியில் வீட்டுச் சுவரில் விரிசல் விழுந்துவிட்டது என்று சொன்னால் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். கரிசல் மண்ணில் நிற்கும் வீடுகளுக்கு அது ஆண்டுக்கு ஒருமுறை வந்துபோகும் சடங்கு. சித்திரையில் ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஒரு கோடு கிளம்பும். வைகாசியில் அதற்குள் ஒரு ரூபாய் நாணயம் நுழையும். ஐப்பசியில் நாலு மழை விழுந்ததும் ஒன்றுமே நடவாததுபோல் மூடிக்கொள்ளும். 1984இல் கட்டப்பட்ட எங்கள் வீட்டில் இத்தகைய கோடுகள் ஐந்து. அவற்றுள் பெரியதை அம்மா தம் நாட்காட்டியாகவே வைத்திருந்தார். "கோடு வாயத் தொறந்துருச்சு, வத்தல் போட்டுறலாம்" என்பார். அம்மா என்று இங்கே சொல்வது எங்களில் ஒருவரைப் பெற்றவரை, மற்றவருக்கு மாமியார். வீட்டில் இருவருக்கும் அவர் அம்மாதான்.

2021 மார்கழியில் அம்மா பின்வாசல் படியில் விழுந்தார். பழைய வீடுகளின் வழக்கப்படி எங்கள் குளியலறையும் கழிவறையும் கொல்லையில் இருந்தன. இரண்டு படி இறங்கிப் பத்தடி நடக்க வேண்டும். இடுப்பெலும்பு முறிந்து, அறுவை செய்து, தகடு வைத்துத் தைத்து அனுப்பிய மருத்துவர், "இனிமேல் இவங்க படியே இறங்கக் கூடாது" என்றார். எனவே கூடத்தோடு ஒரே மட்டத்தில், கொல்லைப் பக்கமாக, பன்னிரண்டுக்குப் பதினான்கு அடியில் ஓர் அறையும் அதனுள்ளேயே குளியலறையும் கட்டத் தீர்மானித்தோம். கட்டி முடியும்வரை அம்மாவுக்குக் கூடத்தின் மூலையில் ஒரு திரை, ஒரு கட்டில், ஓர் இடுப்புச்சட்டி. தம் வாழ்நாளில் ஒருமுறைகூடத் தம் சேலையைப் பிறர் துவைக்க விடாத பெண்மணி அவர். அந்தத் திரைக்குப் பின்னால் அவர் எப்படி இருந்தார் என்பதை விரித்து எழுத விருப்பமில்லை. வேலையை விரைவில் முடிக்க வேண்டும் என்ற எங்கள் பதற்றத்தின் காரணம் வாசகர்களுக்குத் தெரிந்தால் போதும்.

கட்டடக் கலைஞரை ஒரு கல்லூரி நண்பர் அறிமுகம் செய்துவைத்தார். திருநெல்வேலிக்காரர், அறுபதைக் கடந்தவர், தனியாகத் தொழில் செய்பவர். ஓர் அறைக்கு எதற்கு ஆர்க்கிடெக்ட், கொத்தனார் போதாதா என்று தெருவில் கேட்டவர்களுக்கு நாங்கள் சுவரிலிருந்த கோடுகளையே பதிலாகக் காட்டினோம்.

2022 ஏப்ரலில் முதல்முறை வந்தபோது அவர் அளவுநாடாவை எடுக்கவில்லை. கொல்லையில் நான்கடிக்கு ஒரு குழி தோண்டச் சொல்லி அதன் விளிம்பில் உட்கார்ந்தார். அடிமண்ணில் ஒரு கட்டியை எடுத்துத் தம் தண்ணீர்ப் புட்டியிலிருந்து நனைத்துப் பிசைந்து உருண்டையாக்கி மதில்மேல் வைத்துவிட்டு, அடுத்த வாரம் வரை அதை எடுக்காதீர்கள் என்று சொல்லிப் போய்விட்டார். அடுத்த வாரம் அந்த உருண்டை எட்டாகப் பிளந்து சிறுத்துக் கிடந்தது. "பாத்தீங்களா சார், இந்த மண்ணு ஏறும், இறங்கும். தடுக்க முடியாது. வழிதான் விடணும்" என்றார். அந்தச் சொற்களின் முழுப் பொருள் எங்களுக்கு விளங்க எட்டு மாதம் ஆயிற்று.

கரிசலில் உள்ள களித்துகள்கள் நீரைக் குடித்து உப்பும், காய்ந்தால் சுருங்கும். மேலேயிருந்து ஏறத்தாழ மூன்றரை மீட்டர் ஆழம்வரைதான் இந்த ஈர வேறுபாடு. அதற்குக் கீழே கோடையும் மழையும் ஒன்றே. ஆகவே மேல்மண்ணை நம்பாமல், 10 அங்குல விட்டத்தில் 12 அடி ஆழத்துக்குத் துளையிட்டு, அடியில் அதைக் குடம்போல் இரண்டரை மடங்கு அகலப்படுத்தி, கம்பிக்கூடு இறக்கிக் கான்கிரீட் ஊற்றும் முறை ஒன்று இருக்கிறது. ரூர்க்கியில் உள்ள மத்தியக் கட்டட ஆய்வு நிறுவனம் இந்நாட்டின் கரிசல் நிலங்களுக்காக வளர்த்தெடுத்த முறை அது. மண் மேலே தூக்கினாலும் அந்தக் குடம் பிடித்துக்கொள்ளும். எங்கள் அறைக்கு இப்படி எட்டுத் தூண்கள். வாரம் ஒருமுறை வந்து மேற்பார்த்து, கார்பன் தாள் வைத்த குறிப்பேட்டில் அன்றன்றைய கட்டளைகளை எழுதிக் கையெழுத்திட்டு, ஒரு படியை எங்களிடம் கிழித்துக் கொடுத்துவிட்டுப் போவார். செப்டம்பர் இறுதியில் எட்டாவது தூணும் மண்ணுக்குள் போயிற்று. மேலே துருத்திய கம்பிகள் மட்டும் கொல்லையில் நின்றன.

அக்டோபர் இரண்டாம் வாரத்தில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலப்பக்கம் விழுந்துவிட்டது; பேச்சும் போய்விட்டது. தொலைபேசியை எடுத்தவர் அவருடைய மகள். "அப்பாவுக்கு நாம சொல்றது புரியுது. அவங்களால சொல்லத்தான் முடியல" என்றார்.

எங்கள் கையில் இருந்தவை நான்கு தாள்களும் குறிப்பேட்டின் பதினோரு கார்பன் படிகளும். கணினியில் இருந்தவற்றைத் திறக்கும் கடவுச்சொல் அவர் ஒருவருக்கே தெரியும். அதைச் சொல்லும் வாய்தான் அடைத்துக்கொண்டுவிட்டது. நான்கு தாள்களிலும் ஆறு இடங்களில் ஆங்கிலத்தில் ஒரு குறிப்பு இருந்தது. தமிழில் சொன்னால், 'விவரம் பின்னர்'. தெற்குச் சுவரின் ஜன்னலுக்கு விவரம் பின்னர். குளியலறைத் தளத்தின் சரிவுக்கு விவரம் பின்னர். பழைய சுவரும் புதிய சுவரும் சந்திக்கும் இடத்துக்கு விவரம் பின்னர்.

எங்கள் கொத்தனார் நல்ல மனிதர்; இருபது ஆண்டுகளாகப் பழக்கம். அவர் தாளை வாங்கிப் புரட்டிவிட்டு, "இதுக்கு எதுக்கு சார் அவரு? தூணுதான் போட்டாச்சே, மேல நான் பாத்துக்கிடுதேன்" என்றார். மூன்றாம் தாளுக்கு வந்தபோது அவர் முகம் மாறியது. எட்டுத் தூண்களின் தலைகளையும் இணைத்து ஓடும் உத்தரத்துக்குக் கீழே, மண்ணுக்கும் உத்தரத்துக்கும் நடுவில், மூன்று அங்குலத்துக்கு ஒரு வெற்றிடம் வரையப்பட்டிருந்தது. விளக்கம் ஏதும் இல்லை. 'விவரம் பின்னர்' என்றுகூட இல்லை. இரண்டு கோடுகள், நடுவில் ஒன்றுமில்லை.

"பீம் அந்தரத்துல நிக்குமா சார்? படம் போட்டவங்க தப்பாப் போட்டிருக்காங்க. நாம வழக்கம்போல அடியில ஜல்லி கான்கிரீட் போட்டு, மேல பீம உக்கார வச்சிருவோம். இல்லேன்னா பெருச்சாளிதான் குடியிருக்கும்."

பெருச்சாளி வாதத்துக்கு எங்களிடம் பதில் இல்லை. அறிவும் அனுபவமும் கொத்தனார் பக்கம் இருந்தன. எங்கள் பக்கம் இருந்ததோ தொழில்வழியாக வந்த ஒரு சந்தேகம் மட்டுமே. ஏடு பெயர்த்து எழுதியவர்களில் மூன்று வகை உண்டு. கவனக்குறைவால் பிழை செய்பவர்; தெரியாததைத் தெரியாதபடியே எழுதி வைப்பவர்; புரியாத சொல்லைத் தமக்குப் புரிந்த சொல்லாக மாற்றிவிடுபவர். மூன்றாமவரால்தான் நூலுக்குப் பெருங்கேடு. அவர் மாற்றியது வழவழப்பாக இருக்கும். அடியில் வேறொன்று இருந்தது என்பதே யாருக்கும் தெரியாது. உ.வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்கத் தொடங்கியபோது சமண மரபு அவருக்குப் பழக்கமில்லாதது. விளங்காத இடங்களைத் தம் ஊகத்தால் நிரப்பாமல், கும்பகோணத்தில் இருந்த சமணர்களைத் தேடிப்போய்க் கேட்டார். 1887இல் வெளிவந்த அந்தப் பதிப்பை இன்றும் நம்பி எடுக்கிறோம். இதை ஆண்டுதோறும் முதுகலை வகுப்பில் சொல்லிவரும் நாங்கள், எங்கள் கொல்லையில் கிடந்த மூன்று அங்குல வெற்றிடத்தை ஜல்லியால் நிரப்ப ஒப்புக்கொள்வதா?

ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் யாரிடம் போய்க் கேட்பது என்பதும் தெரியவில்லை. வேலை நின்றது. கொத்தனார் தம் ஆட்களை வேறு வேலைக்கு அழைத்துப் போனார். கடன் கொடுத்த வங்கி, அடித்தளம் முடிந்ததற்குத் தொழில் வல்லுநரின் சான்று இருந்தால்தான் அடுத்த தவணை தரமுடியும் என்றது. வாங்கிய தவணைக்கு வட்டி ஓடிக்கொண்டிருந்தது. பின்னர் வடகிழக்குப் பருவமழை வந்து, உத்தரத்துக்காக வெட்டிய கால்வாயை நிரப்பியது. கம்பிகளில் துரு ஏறாமலிருக்கச் சிமெண்ட் பால் பூசி, மேலே பழைய பிளாஸ்டிக் குடங்களைக் கவிழ்த்து வைத்தோம். மழைக்குள் எட்டுக் குடங்கள் வரிசையாகக் கவிழ்ந்து நின்றதைக் கட்டிலில் இருந்தபடி அம்மா பார்த்துக்கொண்டே இருப்பார். எப்போது முடியும் என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் தேவலை.

நவம்பரில் திருநெல்வேலிக்குப் போய்க் கட்டடக் கலைஞரைப் பார்த்தோம். பழங்கள், ஹார்லிக்ஸ், கூடவே (சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது) மூன்றாம் தாள். சாய்வு நாற்காலியில் இருந்தார். எங்களைக் கண்டதும் முகம் மலர்ந்து, "ஆமா, ஆமா" என்றார். நலம் விசாரித்துவிட்டு, மகளின் அனுமதியோடு தாளை அவர்முன் விரித்து அந்த வெற்றிடத்தைத் தொட்டுக் காட்டினோம்.

"சார், இந்த இடம் காலியாத்தான் இருக்கணுமா?"

"ஆமா."

மகிழ்ச்சி தாளவில்லை. ஆயினும் பாடம் கேட்டுப் பழகிய புத்தி, மறுதலையாகவும் ஒருமுறை கேட்டுப் பார்க்கச் சொன்னது.

"கொத்தனார் அதை அடைச்சிரலாம்னு சொல்றார். அடைச்சிரலாமா?"

"ஆமா."

சொல்லிவிட்டு அவரே தலையை ஆட்டி மறுத்தார். இடக்கையால் நாற்காலியின் கைப்பிடியைத் தட்டினார். மறுபடி "ஆமா, ஆமா" என்றார். கண்களில் நீர் வந்துவிட்டது. நாங்கள் தாளைச் சுருட்டிக்கொண்டோம். அவருக்கு எஞ்சிய ஒரே சொல் அது என்று மகள் வாசல்வரை வந்து சொன்னார். பசித்தாலும் ஆமா, வலித்தாலும் ஆமா, வேண்டாம் என்பதற்கும் அதுவே. நோயுற்ற ஒருவரிடம் எங்கள் வீட்டுத் தாளைக் கொண்டுபோய் நீட்டியதற்காகப் பேருந்தில் திரும்பும்போது வெட்கப்பட்டோம். அந்த வெட்கம் முழுவதும் இன்னும் போகவில்லை.

மாற்று ஆளைத் தேடியதில் இருவரைப் பார்த்தோம். ஒருவர் வந்து பார்க்காமலேயே சான்றில் கையெழுத்திட ஒரு தொகை சொன்னார். இன்னொருவர், தாம் பார்க்காத தூண்மேல் எதையும் ஏற்றமாட்டேன், இதை விட்டுவிட்டுப் பக்கத்தில் புதிதாகத் தொடங்குவோம் என்றார். இரண்டாமவர் சொன்னதில் நியாயம் இருந்தது. மண்ணுக்குள் போனதற்கு யார் பொறுப்பேற்பது?

டிசம்பரில் மூன்றாமவராக வந்தவர் பாளையங்கோட்டையைச் சேர்ந்த இளம் கட்டடக் கலைஞர். எங்கள் பழைய மாணவிகளின் வயதுதான் இருக்கும். தாள்களைச் சாப்பாட்டு மேசையில் விரித்தார். படத்தைப் பார்க்கவில்லை. வலப்பக்கக் கீழ்மூலையில் இருந்த சிறிய கட்டத்தைப் படித்தார்.

"ஸ்டிரக்சரல் டிசைன் பண்ணினவர் மதுரையில இருக்காரே மேடம். பேரு, போன் நம்பர் எல்லாம் போட்டிருக்கு. அவர்கிட்டப் பேசலையா நீங்க?"

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். ஏட்டுச்சுவடியைக் கையில் எடுத்தால் முதலில் அதன் கடைசி ஏட்டைப் புரட்டிப் பார், யார் எழுதியது, யாருக்காக, எந்த ஆண்டு என்ற குறிப்பு அங்கேதான் இருக்கும் என்று சுவடியியல் தாளில் கேள்வியே கேட்கிறவர்கள் நாங்கள். இரண்டு மாதமாக அந்த நான்கு தாள்களையும் உற்றுப் பார்த்தும் மூலையைப் படிக்கவில்லை. தூண், உத்தரம், கம்பி ஆகியவற்றின் கணக்கைக் கட்டடக் கலைஞர்கள் பெரும்பாலும் கட்டுமானப் பொறியாளர் ஒருவரிடம் கொடுத்துச் செய்வார்கள் என்பதும், எங்கள் படத்துக்கு இரண்டு ஆசிரியர்கள் என்பதும் அப்போதுதான் தெரிந்தன.

மதுரைக்காரரிடம் கோப்பு பத்திரமாக இருந்தது. மூன்று அங்குலத்தைப் பற்றிக் கேட்டதும் தொலைபேசியிலேயே சிரித்தார். "அடைச்சிட்டீங்களா? இல்லையே? நல்ல காலம்!" மழைக்காலத்தில் மேல்மண் உப்பி எழும்போது உத்தரத்தின் அடியில் இடம் இல்லாவிட்டால், அது உத்தரத்தையும் சேர்த்துத் தூக்கும். கீழே தூணின் குடம் விடாமல் பிடித்திருக்கும். மேலே மண் தள்ளும். நடுவில் உத்தரம் முறியும். மண் எழுந்து நிற்பதற்காக விட்ட இடம்தான் அது. தடுக்க முடியாது, வழிதான் விட வேண்டும் என்று குழிக்கரையில் உட்கார்ந்து ஏற்கெனவே ஒருவர் எங்களுக்குச் சொல்லியிருந்தார். நாங்கள் அதை ஒரு நல்ல வாக்கியமாக ரசித்ததோடு சரி.

புதியவர் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. கட்டடக் கலைஞர்களுக்கு 1972ஆம் ஆண்டுச் சட்டமும் அதன்கீழ் 1989இல் வந்த தொழில் நடத்தை விதிகளும் உண்டு. ஒருவர் அமர்த்தப்பட்ட வேலையை இன்னொருவர் ஏற்க வேண்டுமானால், முந்தைய ஒப்பந்தம் முடிந்துவிட்டதற்குச் சான்று வேண்டும். தாம் ஏற்கப்போவதை முந்தையவருக்கு எழுத்தில் தெரிவித்திருக்கவும் வேண்டும். முந்தையவர் பேசவே இயலாத நிலையில் இதெல்லாம் எதற்கு என்று கேட்டோம். "பேச முடியாதவர்னுதான் எழுதிக் கேக்கணும் சார்" என்றார். மேலும், வரைபடம் எங்கள் சொத்து அன்று. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் கட்டடக் கலைப் படைப்பையும் படைப்பு என்றே கொள்கிறது. வீட்டை இடிக்கும் உரிமை வீட்டுக்காரருக்கு உண்டு. தில்லியில் தாம் வடிவமைத்த 'ஹால் ஆஃப் நேஷன்ஸ்' 2017இல் இடிக்கப்பட்டதை எதிர்த்து ராஜ் ரேவல் தொடுத்த வழக்கில் 2019இல் உயர்நீதிமன்றம் அப்படித்தான் சொன்னது. ஆனால் பிறர் வரைந்த தாளை எடுத்து நம் போக்கில் திருத்திக் கட்டுவது வேறு விஷயம்.

ஆக, ஜனவரியில் மறுபடி திருநெல்வேலி. ஒப்பந்தத்தை நிறைவு செய்வதாகவும், அடித்தளம்வரைக்குமான ஊதியத்தைச் செலுத்துவதாகவும், வரைபடங்களைத் தொடர்ந்து பயன்படுத்த இசைவு கோருவதாகவும் ஒரு கடிதம். புதியவரின் அறிவிப்பு இன்னொன்று. மகள் இரண்டையும் உரக்க மூன்றுமுறை படித்தார். அவர் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு பேனாவை இடக்கையில் வாங்கி மிக மெல்லக் கையெழுத்திட்டார். கார்பன் படிகளில் நாங்கள் கண்டிருந்த கையெழுத்துக்கும் அதற்கும் ஒற்றுமையே இல்லை. அது இசைவா, இயலாமையா? கேட்டால் "ஆமா" என்பார். கேட்கவில்லை. பணத்தை மகள் வாங்க மறுத்தார். வேலை பாதியில் நின்றதே என்றார். அடித்தளம் பாதி அன்று, முழுமை என்று வற்புறுத்திக் கொடுத்துவிட்டு வந்தோம்.

திரும்பும் வழியில் புதியவர் சிட்னி இசைநாடக அரங்கின் கதையைச் சொன்னார். அதை வடிவமைத்த யோர்ன் உட்சோன் 1966இல் அரசோடு முரண்பட்டு விலகிய பின் எஞ்சிய வேலை பீட்டர் ஹால் என்னும் இளைஞர் தலையில் விழுந்தது. உட்சோனைத் திரும்ப அழைக்க வேண்டும் என்ற மனுவில் கையெழுத்திட்டவர்களுள் அவரும் ஒருவர். 1973இல் அரங்கு திறக்கப்பட்டது. வெளியே இருக்கும் பாய்மரங்கள் உட்சோனுக்குப் புகழ் தந்தன. உள்ளே இருக்கும் குறைகள் ஹாலின் கணக்கில் எழுதப்பட்டன. "ரெண்டாவதா வர்றவங்களுக்கு அதுதான் மேடம் கூலி" என்றார் அந்தப் பெண். எங்களுக்கு நினைவு வந்தது கல்கியின் 'அமரதாரா'. 1954இல் அவர் மறைந்தபோது தொடர் பாதியில் நின்றது. அவர் வைத்துப்போன குறிப்புகளைக் கொண்டு மகள் ஆனந்தி எழுதி முடித்தார். படிக்கும்போது, எந்த இடத்தில் கை மாறியது என்று தேடாமல் நம்மால் இருக்க முடிவதில்லை.

பிப்ரவரியில் வேலை தொடங்கியது. புதியவர் முதலில் செய்தது சோதனை. பதினோரு கார்பன் படிகளில் இருந்த ஆழம், தேதி, சிமெண்ட் மூட்டைக் கணக்கு ஆகியவற்றை எங்கள் ரசீதுகளோடு ஒப்பிட்டார். தூண்தலைகளைச் சுற்றி மண்ணைப் பறித்துச் சுத்தியலால் தட்டிப் பார்த்தார். நூல் பிடித்து அளந்ததில் ஐந்தாவது தூண் மூன்று அங்குலம் விலகியிருந்தது. மதுரைக்காரர் அதற்கேற்ப அந்த இடத்தில் உத்தரத்தை அகலமாக்கிக் கொடுத்தார். அனுமதி விண்ணப்பத்தில் கையெழுத்திட்ட வல்லுநர் மாறியதை நகராட்சிக்கு எழுதிக் கொடுத்தோம். வங்கிக்குச் சான்று போயிற்று.

கொத்தனாரிடம் மூன்று அங்குலத்தின் காரணத்தை விளக்கினோம். அவர் எங்களைவிட வேகமாகப் புரிந்துகொண்டார். பலகையை அடியில் கொடுத்து உத்தரத்தை வார்த்து, பதினான்கு நாள் கழித்துப் பலகையை உருவினார். பெருச்சாளிக்கும் அவரே வழி சொன்னார். இரண்டு பக்கமும் கடப்பைக் கல்லைச் செங்குத்தாக நட்டு, உத்தரத்தைத் தொடாமல் நிறுத்தினால் மண்ணும் சரியாது, பெருச்சாளியும் நுழையாது. தரைக்கு அடியில் மூன்றடிக் கரிசலை அள்ளிவிட்டுச் சரள் நிரப்பியதும் அவர் மேற்பார்வையில்தான். "இதை அந்த ஐயா முதல்லயே சொல்லியிருந்தா நான் அன்னைக்கு அப்படிப் பேசியிருப்பனா சார்?" என்று ஒருநாள் கேட்டார். சொல்ல இருந்தார் என்றோம்.

எஞ்சியவை, 'விவரம் பின்னர்' என்று அவர் விட்டுப்போன ஆறு இடங்கள். நான்கை வழக்கமும் விதியும் முடிவு செய்தன. பழைய சுவரும் புதியதும் சேரும் இடத்தைப் பற்றி மட்டும் ஒரு விவாதம் நடந்தது. பழைய சுவரில் பல் வெட்டிப் புதுச் சுவரைக் கோத்துவிடுவதே வழக்கம். ஆனால் பழையது மண்ணோடு ஏறி இறங்கும் வீடு; புதியது நகராமல் நிற்கும் அறை. இரண்டையும் கோத்தால் ஒன்று மற்றதைக் கிழிக்கும். ஓர் அங்குல இடைவெளி விட்டோம். அவரும் இதைத்தான் எழுதியிருப்பார் என்று மூன்று அங்குலத்தைக் கண்ட பிறகு துணிந்து சொல்லலாம்.

தெற்கு ஜன்னலைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. நான்கடி அகலம் என்பது மட்டும் தாளில் இருந்தது. எவ்வளவு உயரத்தில் தொடங்குகிறது, கதவு எத்தனை, கம்பி எப்படி, ஒன்றும் இல்லை. குழிக்கரையில் இருந்து எழுந்த பிறகு அந்தத் திசையைப் பார்த்து அவர் நெடுநேரம் நின்றது நினைவிருக்கிறது. அங்கே ஒரு வேம்பும், அதன் அடியில் தண்ணீர்க் குழாயும், அதைத் தாண்டிச் சந்தும் உண்டு. மனத்தில் என்ன வைத்திருந்தார்? புதியவர் இரண்டு படம் வரைந்து காட்டினார். இரண்டும் நன்றாகத்தான் இருந்தன, இரண்டும் அவருடையவை. பாதிக் கதையை முடிப்பவர் பழைய ஆசிரியரின் குரலைப் போலி செய்ய வேண்டுமா, தம் குரலில் பேச வேண்டுமா என்று எங்களுக்குள் இரவு பதினொரு மணிவரை பேசினோம். காலையில் அம்மாவிடம் கேட்டோம். அதற்குமுன் ஒருமுறைகூட அவரிடம் கேட்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

"கட்டில்ல சாஞ்சு இருந்தாக் குழாயடி தெரியணும். யாரு வர்றா, போறான்னு பாக்கணும். அவ்வளவுதான்" என்றார்.

கட்டிலைக் கொண்டுபோய் அங்கே போட்டு, அம்மாவைச் சாய்ந்து உட்காரவைத்து, கொத்தனார் நூல் பிடித்தார். வழக்கமான மூன்றடிக்குப் பதிலாகத் தரையிலிருந்து ஒன்றே முக்காலடியில் ஜன்னல் தொடங்கியது. பார்ப்பவர்கள் சற்று விநோதமாக இருக்கிறது என்கிறார்கள். கட்டடக் கலைஞரும் அப்படி நினைத்திருக்கக்கூடும்.

2023 ஆவணியில் அம்மா புது அறைக்குப் போனார்; அன்றே திரையைக் கழற்றினோம். டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி மாவட்டத்தில் அந்தப் பெருமழை பெய்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் அளவுக்குக் கொட்டிய மழை அது. கரிசல் குடித்த நீருக்கு அளவில்லை. பழைய வீட்டின் ஐந்து கோடுகளும் மூடிக்கொண்டு, கூடத்தின் தரையில் ஒரு சலவைக்கல் பெயர்ந்து எழுந்தது. மழை விட்ட மூன்றாம் நாள் கொத்தனார் தாமாகவே வந்து, ஒரு கடப்பைக் கல்லை விலக்கி, உத்தரத்தின் அடியில் கைவிட்டு அளந்தார். மூன்று அங்குலம் ஒன்றரையாகியிருந்தது.

"ஏறியிருக்கு சார்" என்றார். குரலில் ஒரு மரியாதை இருந்தது. அது மண்ணுக்கா, படம் போட்டவருக்கா என்று கேட்கவில்லை. கையை வெளியே இழுத்து, கல்லைப் பழையபடி நிறுத்தினார்.

தை மாதம் கட்டடக் கலைஞரின் மகளுக்கு இதைத் தொலைபேசியில் சொன்னோம். அப்பாவிடமே சொல்லுங்கள் என்று அவர் காதில் வைத்தார். சொன்னோம். மறுமுனையில் "ஆமா" என்று கேட்டது.

பழைய சுவரும் புதுச் சுவரும் சேரும் இடைவெளியை மறைக்க, கூரையிலிருந்து தரைவரை அலுமினியத் தகடு ஒன்று உண்டு. புதுச் சுவர்ப் பக்கம் மட்டும் திருகாணிகள். பழைய சுவர்ப் பக்கம் தகடு சும்மா படிந்திருக்கும், சுவர் நகர்ந்தால் வழுக்கிக்கொடுக்க. வெள்ளையடிக்க வந்த பையன், ஒரு பக்கம் ஆணி விட்டுப்போச்சே என்று நல்லெண்ணத்தில் இரண்டு திருகாணியோடு வந்து நின்றான். கட்டிலில் இருந்தபடி அம்மாதான் சத்தம் போட்டுத் தடுத்தார்.

"ஏய், அதத் தொடாத. அது அப்படித்தான் இருக்கணும்."

"ஏன் பாட்டி?"

"படம் போட்டவரு வந்து சொல்லுவாரு" என்றார்.